வாடகை வீட்டுத் தரை: துவாக்குடிக் குறிப்புகள்

திருச்சியை அடுத்த துவாக்குடியில் யார் வாடகைக்கு வருகிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் டைல்ஸ் கடைக்குப் போக வேண்டும். என்.ஐ.டி. பக்கத்தில் இருக்கிறது, மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நம்பி வீடு கட்டியவர்கள் உண்டு. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் என்.ஐ.டி. ஆன அந்த வளாகத்தில் மாணவர்கள் விடுதியில் தங்கித்தான் படிக்கிறார்கள். நம் வாசலில் வந்து “வீடு காலியா இருக்கா?” என்று கேட்பவர்கள் வேறு. சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வேலை பார்க்கும் வெல்டர், ஃபிட்டர், கிரைண்டர். பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளர். பீகார், ஒடிசா பக்கமிருந்து வந்து நாலைந்து பேராக ஒரு போர்ஷன் எடுக்கும் இளைஞர்கள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுப் பக்கத்திலேயே வீடு தேடும் சின்னக் குடும்பங்கள்.

இவர்களில் பலர் வீட்டில் கட்டில் கிடையாது. இருந்தாலும் ஒன்று, அதில் பெரியவர் படுப்பார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். குழந்தை தவழ்வதும் அங்கேதான். சொந்த வீட்டுக்காரர் தரையை நடப்பதற்கு வைத்திருக்கிறார். வாடகைக்காரர் அதிலேதான் குடியிருக்கிறார். வாடகை வீட்டுத் தரைக்குச் செலவு செய்யும்போது இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால், பாதி முடிவுகள் தானாகவே சரியாக வரும்.

*

முழுத் தரைக்கும் டைல்ஸ் போட்டால் எவ்வளவு? மனக்கணக்காகச் சொல்வதை நான் நம்புவதில்லை. எழுதிப் பார்க்கிறேன். விலைகள் கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக ஒரு நடுத்தர விலையை எடுத்துக்கொள்கிறேன்.

600 சதுர அடி போர்ஷன். வெட்டும்போது வீணாகும், உடையும், சேமிப்புக்கும் வேண்டும் என்று எட்டு சதவீதம் கூட்டினால் 650 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் ஒரு பெட்டியில் நான்கு வரும். பெட்டியைப் பதினாறு சதுர அடி என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் 600 மில்லிமீட்டர் ஓடு நான்குக்கு 15.5தான் வரும். ஆக 42 பெட்டி. வரியோடு சேர்த்துச் சதுர அடி 45 ரூபாய் என்றால் 29,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஒட்டுகிற கூலி சதுர அடிக்கு 22 என்றால் 13,200. கீழே ஒன்றரை அங்குலக் கலவை போட ஏறக்குறைய 12 மூட்டை சிமெண்ட்டும் 85, 90 கன அடி எம்-சாண்டும் வேண்டும், அது 10,500. ஸ்கர்ட்டிங், வண்டி வாடகை, மாடிக்கு ஏற்றும் கூலி, ரப்பிஷ் அள்ளிக் கொட்டுவது எல்லாம் சேர்த்து 7,000. மொத்தம் 60,000 ரூபாய்.

இப்போது வாடகைப் பக்கம். 6,500 இருந்தது 7,500 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 12,000 கூடுகிறது. ஐந்து வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த 60,000 வங்கியில் ஏழு சதவீதத்துக்குக் கிடந்திருந்தால் வருஷம் 4,200 வந்திருக்கும். அதைக் கழித்தால் மீதி 7,800. ஐந்து வருஷம் என்பது ஏழெட்டு வருஷமாகிறது.

அதனால் வாடகையை ஏற்றுவதற்காக மட்டும் டைல்ஸ் போடுவது துவாக்குடியில் கட்டுப்படியாகாத வேலை. வீடு காலியாகக் கிடக்கும் மாதத்தைக் குறைப்பதற்கும், இருக்கிற குடும்பம் இன்னும் இரண்டு வருஷம் இருப்பதற்கும் போட்டால்தான் கணக்கு நேராகும். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 7,500 போச்சு, அதோடு தரகர் கமிஷன், சுண்ணாம்பு அடிக்கிற செலவு. வருஷா வருஷம் ஆள் மாறும் வீட்டுக்கும் மூன்று வருஷம் ஒரே குடும்பம் இருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஆயிரம் ரூபாய் வாடகை உயர்வைவிடப் பெரியது.

*

கிரைண்டர் வேலை செய்கிறவர் பூட்ஸோடு வீட்டுக்குள் வந்தால் இரும்புத் தூளும் கூடவே வரும். கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் தரை துடைத்த ஈரத்தில் அந்தத் தூள் துருப்பிடித்து, வெள்ளை டைல்ஸில் செம்புள்ளியாக உட்கார்ந்துவிடும். ஓட்டைவிட இடுக்கில்தான் அதிகம் பிடிக்கும். பார்க்கிறவர் வெற்றிலைக் கறை என்று நினைத்துக் குடியிருந்தவரைக் குறை சொல்வார். ஆக்ஸாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டறைத் தொழிலாளர் குடியிருக்கும் ஊரில் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. லேசான சாம்பலோ மணல் நிறமோ, மங்கலான பரப்போ போதும். இடுக்கை நிரப்பும் கிரவுட்டையும் வெள்ளையில் போடாமல் டைல்ஸ் நிறத்திலோ அதைவிட ஒரு சாயல் கூடுதலாகவோ போடச் சொல்ல வேண்டும். இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. வாசலுக்கு உள்ளே ஒன்றரை அடி அகலத்துக்குச் சொரசொரப்பான ஓடு, வெளியே செருப்பு வைக்க ஒரு கடப்பைக் கல் அலமாரி. தூள் அங்கேயே நின்றுவிடும்.

*

செராமிக்கா, விட்ரிஃபைடா என்று கடையில் குழம்ப வேண்டியதில்லை. ஓட்டைக் கவிழ்த்துப் பின்பக்கம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதும். உடனே உறிஞ்சினால் செராமிக். அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. அது எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது தர அளவு. சுவர் டைல்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல்கூடக் குடிக்கும். அதனால் சுவரில் ஒட்டுவதைத் தரையில் ஒட்டக் கூடாது. மீந்துபோன சுவர் டைல்ஸை பாத்ரூம் தரையில் ஒட்டி முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. வழுக்கும், சீக்கிரம் உடையும். சோப்புத் தண்ணீரில் ஒரு வயதானவர் கால் வைக்கும் இடம் அது.

மேலே அச்சடித்த பூ வேலை இருக்கும் ரகத்தில் தேய்ந்தால் பூ போய்விடும். டபுள் சார்ஜ் என்று சொல்கிற ரகத்தில் நிறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம்வரை இருக்கும். அம்மியும் சிலிண்டரும் இழுபடுகிற வாடகை வீட்டுக்கு அது தாங்கும்.

எந்தக் கடையில் வாங்கினாலும் பெட்டி பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் வருகிறது. நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பங்கு அந்த ஒரு ஊரைச் சுற்றித்தான். அங்கே நிலக்கரி வாயு உலைகளை 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் மூடச் சொன்ன பிறகு உலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அதனால் எரிவாயு விலை ஏறினால் திருச்சிக் கடையிலும் சதுர அடிக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் ஏறுகிறது. வரிக் கணக்கும் ஒன்று: 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது டைல்ஸுக்கு 28 சதவீதம், அதே ஆண்டு நவம்பரில் 18. சிமெண்ட்டு 28லிருந்து 18க்கு இறங்க 2025 செப்டம்பர்வரை ஆனது.

*

பாத்ரூம் முதலில், ஹால் கடைசியில். இந்த வரிசையை யார் கேட்டாலும் சொல்வேன்.

ஐந்துக்கு ஏழு பாத்ரூம். தரை 35 சதுர அடி, ஏழடி உயரத்துக்குச் சுவர், கதவைக் கழித்தால் 150. அத்தனைக்கும் டைல்ஸும் கூலியும் பதினைந்தாயிரத்துக்குள் அடங்கும். ஆனால் அதன் கீழே செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம்: பழைய தரையை உடைப்பது, பைப் மாற்றுவது, ஈரத்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடிப்பது, மூலைகளில் கலவையை வளைத்துப் பூசுவது. அதற்கும் ஒரு பதினைந்தாயிரம். பல வீட்டு உரிமையாளர்கள் இந்த இரண்டாவது பதினைந்தாயிரத்தைத்தான் வெட்டுகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மழை போனதும் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கும், கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிரும். அப்போது மேலேயும் உடைக்க வேண்டும், கீழேயும் பூச வேண்டும்.

வாட்டம் பற்றி ஒரு மேஸ்திரி சொன்னது என் நோட்டில் இருக்கிறது: “ரசமட்டம் ஹாலுக்கு சார். பாத்ரூமுக்கு ஒரு குடம் தண்ணி போதும்.” தண்ணீரை மூலையில் ஊற்றிவிட்டு நின்று பார்த்தார். ஜாலிக்குப் போய்ச் சேராமல் கதவோரம் ஒரு கையளவு தேங்கியது. அந்த ஓட்டைக் காய்வதற்குள் பெயர்த்து மறுபடி ஒட்டினார். ஒரு அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும். ஏழடி பாத்ரூமில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம். ஈரத்தடுப்பு பூசிய பிறகு ஜாலியை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்டச் சொல்ல வேண்டும். கூலி ஒரு நாள் கூடும். பரவாயில்லை.

இங்கே போர் தண்ணீரில் உப்பு அதிகமான தெருக்கள் இருக்கின்றன. சுவர் டைல்ஸில் வெள்ளைத் திட்டு படியும். வீடு காலி செய்கிறவர் அட்வான்ஸ் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கடைசி நாள் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டுப் போவார். டைல்ஸ் பளிச்சென்று இருக்கும். இடுக்கில் இருக்கும் சிமெண்ட்டு கிரவுட்டை ஆசிட் தின்றுவிட்டிருக்கும். அடுத்த குடியிருப்பாளர் காலத்தில் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். இதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, பாத்ரூமுக்கு மட்டுமாவது எபாக்சி கிரவுட். விலை கூடுதல்தான், ஆனால் 35 சதுர அடித் தரைக்கு அது பெரிய தொகை ஆகாது. இன்னொன்று, வரும்போதே குடும்பத்தாரிடம் “உப்புக்கறைக்கு அட்வான்ஸில் பிடிக்கமாட்டோம்மா, ஆசிட் மட்டும் ஊத்தாதீங்க” என்று சொல்லிவிடுவது. இரண்டாவதற்குச் செலவே இல்லை.

*

பழைய காவித் தரை நன்றாக இருந்தால் அதைத் தொடவே கூடாது. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளில் அந்தச் சிவப்புத் தரையை உடைத்து டைல்ஸ் போட்டதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பல தலைமுறை நடந்து நடந்து மெருகேறிய தரை அது. வெயில் காலத்தில் அதில் படுத்தவர்களுக்குத் தெரியும். விரிசல் விட்டிருந்தால் பழையபடி இழைத்துக் கொடுக்கும் கை இன்று கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. விரிசலை மட்டும் அடைத்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலே பத்து வருஷம் ஓடும். வைகுண்ட ஏகாதசிக்கு அங்கே வந்து தங்குகிறவர் பளபளப்பு டைல்ஸைத் தேடி வருவதில்லை.

ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கண்ணாடித் தட்டின்மேல் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து ஆற்றி எடுக்கும் அருமையான வேலை. ஆனால் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சொந்த வீட்டில் போடுங்கள் என்றேன்.

*

பழைய டைல்ஸ்மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உடைக்கிற சத்தமில்லை, ரப்பிஷ் இல்லை, மூன்று நாளில் முடியும். பழையது கெட்டியாக இருந்தால் நல்ல வழிதான். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு ஓட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்று சத்தம் வருவதைப் பெயர்த்து, அந்த இடத்தைக் கலவையால் நிரப்பி, பிறகு பசை. தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். எல்லாக் கதவையும் அடியில் இழைக்க வேண்டும். இந்தத் தச்சுக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் “சதுர அடிக்கு இவ்வளவுதான்” என்று சொல்லிவிடுவார்கள். பாத்ரூம் தரையை இப்படி உயர்த்தினால் அங்கே தெறிக்கும் தண்ணீர் அறைக்குள் வரும். அங்கே உடைத்துத்தான் செய்ய வேண்டும்.

திருச்சி வெயிலில் இன்னொரு சங்கதி. இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டினால் பார்க்க அழகு. சித்திரை, வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் டமார் என்று ஹால் நடுவில் இரண்டு ஓடு கூடாரம் போல எழும்பி நிற்கும். வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோவார்கள். சூட்டில் விரிய இடமில்லை, அவ்வளவுதான். இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து ஒட்டி, சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் கொஞ்சம் இடம் விட்டால் வராது.

*

மேல்மாடி போர்ஷனுக்குத் தரை டைல்ஸா, மொட்டைமாடி டைல்ஸா என்று கேட்டால் மொட்டைமாடி. துவாக்குடி வெட்டவெளி, மரம் குறைவு, பாறையும் தார்ச்சாலையும் காய்கிற காய்ச்சல் ராத்திரிவரை இறங்காது. மேல்மாடியில் இருப்பவர் ஒரு கோடை தாங்குவார், அடுத்த கோடைக்கு முன்னால் “கீழ ஏதாவது காலியானா சொல்லுங்க சார்” என்பார். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்க வேண்டிய தொழிலாளிக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். உரிமையாளர் ஒரு மே மாதப் பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முன்பு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். அது மழைக்கும் வெயிலுக்கும் ஒருசேரப் பதில். இப்போது வெள்ளைக் கூலிங் டைல்ஸ் வருகிறது. வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதற்கும் வசதியில்லை என்றால் வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

*

எப்போது செய்வது? ஆடியில். குடும்பங்கள் ஆடியில் வீடு மாறமாட்டார்கள். ஆனி கடைசியில் காலியானால் ஆவணிவரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு மாதம் டைல்ஸ் வேலைக்குச் சரியாகப் பொருந்தும். சொந்த வீட்டு வேலைகள் மந்தமாக இருப்பதால் நல்ல மேஸ்திரியும் கிடைப்பார். ஐப்பசி மழையில் மணல் ஈரம், கலவை ஆற நாளாகும். மார்கழியிலும் குடும்பங்கள் மாறுவதில்லை, ஆனால் அப்போது பொங்கலுக்கு ஊர் போகும் அவசரம் வேலையாட்களுக்கு.

இந்த ஊர்க்காரர்களின் வேலை பெல்லோடு கட்டுண்டது என்பதும் ஞாபகத்தில் இருக்க வேண்டும். 2010களின் நடுவில் அனல்மின் கொதிகலன் ஆர்டர்கள் சுருங்கியபோது பெல்லை நம்பியிருந்த சிறு பட்டறைகள் பல படுத்துவிட்டன. பட்டறையில் ஷிஃப்ட் குறைந்தால் இங்கே வீட்டுக்கு ஆள் குறையும். அந்தச் சமயம் கடன் வாங்கி டைல்ஸ் போட்டிருந்தால் மாதத் தவணை நிற்காது. வாடகைக் கையிருப்பில் இருந்து, ஒரு வருஷத்துக்கு ஒரு போர்ஷன் என்று செய்வதுதான் இந்த ஊருக்கு ஏற்றது.

*

வரி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். டைல்ஸ் பில்லை வாடகை வருமானத்தில் கழிக்க முடியாது. நகராட்சிக்குக் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவாகக் கிடைக்கும். செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் அதே 30. பழுது பார்க்கவோ புதுப்பிக்கவோ கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியைக் கழிக்க இடமுண்டு. சிமெண்ட்டுத் தரை இருந்த வீட்டுக்கு முதன்முறை டைல்ஸ் போட்டால், பின்னாளில் வீட்டை விற்கும்போது மேம்பாட்டுச் செலவாகக் காட்டக் கேட்கலாம். துண்டுச் சீட்டுக்கு மதிப்பில்லை; ஜி.எஸ்.டி. பில் வேண்டும். ஆடிட்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

கம்பெனியே தொழிலாளர்களுக்காக வீடு எடுக்கும் வழக்கம் பேட்டைப் பக்கம் உண்டு. 2022 ஜூலை 18 முதல், குடியிருப்பு வீட்டை ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் தொழிலுக்காக வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை அவரே கட்ட வேண்டும். அந்தப் பேச்சு வாடகை பேசும்போதே வரும், தயாராக இருக்க வேண்டும். இத்தனை பேருக்கு மேல் தங்கக் கூடாது என்ற எண்ணிக்கையையும் அப்போதே எழுதிக்கொள்வது நல்லது. ஒரு பாத்ரூமுக்குப் பத்துப் பேர் என்றால் அது முதலில் அந்தப் பத்துப் பேருக்குச் செய்கிற அநியாயம். எந்தத் தரையும் தாங்காது என்பது அதற்கப்புறம்.

*

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வீட்டு வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் இருக்கும்போது வீட்டை மேம்படுத்தி வாடகையை உயர்த்த வேண்டுமென்றால், வேலை தொடங்குமுன் அவரோடு எழுத்தில் உடன்பாடு இருக்க வேண்டும். சாதாரண பழுது பார்ப்பு இதில் சேராது. டைல்ஸ் போட்டுவிட்டு அடுத்த மாதம் “ஆயிரம் கூட்டிக் கொடுங்க” என்று நிற்பது முறையும் இல்லை, சட்டமும் இல்லை. அறை அறையாக வேலை நடக்கும் நாட்களில் அந்தக் குடும்பம் படும் தூசிக்கும் இடைஞ்சலுக்கும் அந்த மாத வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், அவர்கள் மேஸ்திரிக்குத் தேநீர் கொடுத்து வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார்கள். நான் பார்த்த நல்ல வேலைகள் சில அப்படி நடந்தவைதான்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச், ஒரே ஷேட் என்று இறக்கும்போதே பார்ப்பது. ஒரு எண் மாறினாலும் வண்டியிலேயே திருப்பி அனுப்புவது. பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து பில்லோடு வைப்பது. ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு பெட்டி மீதம் எடுத்து, எந்த வீட்டுக்கு என்று எழுதி மாடிப்படிக்கு அடியில் அடுக்குவது. அந்த மாடல் இரண்டு வருஷத்தில் கடையில் இருக்காது. ஒட்டி முடித்த தரையில் முழுதாக ஒரு நாளாவது யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது, கிரவுட் அதற்கப்புறம். மேஸ்திரி கணக்கில் பத்து சதவீதத்தைப் பாத்ரூமில் தண்ணீர் விட்டுப் பார்த்த அன்று கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்வது. பார்த்து முடித்த அன்றே, தாமதிக்காமல், கொடுத்துவிடுவது.